ஓஷன் ஃபால்ஸ்: காகித ஆலை நகரமும் அதன் வீடுகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மரக்கூழ் ஆலைக்காகவே எழுப்பப்பட்டு, அந்த ஆலை நின்றதும் கலைந்துபோன ஊர்கள் பல உண்டு. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஓஷன் ஃபால்ஸ். 1917-இல் காகிதம் செய்யத் தொடங்கிய ஆலை 1980-இல் நின்றது. ஒரு காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் இன்று குளிர்காலம் முழுவதும் தங்கியிருப்போர் நூறு பேர்கூட இல்லை. தொலைவு, பழைய இயந்திரங்கள், காகிதச் சந்தையின் போட்டி என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள், ஆலை ஏன் மூடப்பட்டது என்ற கேள்விக்குப் போதுமானவைதான். ஆலை மூடப்பட்டதும் ஊரும் ஏன் கலைய வேண்டும் என்ற கேள்விக்கு அவை விடையாக மாட்டா. அதே கரையில், அதே வகைக் காட்டுக் குத்தகையிலிருந்து, ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பிறந்த பவல் ரிவர் ஆலையும் 2023-இல் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. ஆனால் பவல் ரிவர் நகரம் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களோடு இருந்துவருகிறது. வீடுகள் யாருக்குச் சொந்தமாக இருந்தன என்பதே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குகிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

நீரும் மரமும் கடலும் சந்தித்த இடம்

வான்கூவரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 480 கிலோமீட்டர் தொலைவில், டீன் கால்வாய் என்னும் ஆழமான கடற்கழியிலிருந்து கிளைத்து மலைகளுக்குள் நுழையும் கசின்ஸ் கழியின் உட்கோடியில் இந்த ஊர் அமைந்திருக்கிறது. வட அமெரிக்காவை நிலவழியாகக் கடந்து பசிபிக் கடலை எட்டிய அலெக்சாண்டர் மெக்கென்ஸி 1793 ஜூலையில் தன் பெயரையும் நாளையும் பாறையில் எழுதிவைத்தது இதே டீன் கால்வாயின் கரையில்தான். அந்தப் பாறையில் பெயர் ஏறுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் கரையும் நீரும் பூர்வகுடியினரான ஹெய்ல்ட்சுக் மக்களுடையவை. 1862-இல் விக்டோரியா நகரிலிருந்து கரையோரமாகப் பரவிய பெரியம்மை பூர்வகுடி ஊர்களைப் பெருமளவு அழித்திருந்ததால், நாற்பது ஆண்டுகள் கழித்து நிலம் அளக்க வந்தவர்களின் கண்ணுக்கு அது ஆளற்ற நிலமாகத் தெரிந்தது. உடன்படிக்கை எதுவும் செய்துகொள்ளாமலே மாகாண அரசு அதைப் பங்கிட்டுக் கொடுத்தது. அங்கே பிறகு எழுந்த சொத்துரிமை முழுவதும் இந்த முதல் பறிப்பின் மேல் நிற்கிறது என்பதை, வீட்டுரிமையைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கூழ் ஆலைக்கு அந்த இடம் ஏன் பொருந்தியது என்பதை அறிய, காகிதம் செய்யும் முறையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். செய்தித்தாள் அச்சடிக்கும் காகிதத்தின் பெரும்பங்கு அரைத்த கூழ். பட்டை நீக்கிய கட்டைகளைச் சுழலும் பெரிய கல் உருளைகளின் மீது தண்ணீர் ஊற்றி அழுத்தி, மரத்தை இழை இழையாகப் பிய்த்தெடுப்பது இம்முறை. தாளுக்கு இழுவலு வேண்டும் என்பதால், மரச்சில்லுகளைக் கந்தக டைஆக்சைடு கரைந்த அமிலக் கரைசலில் வேகவைத்து எடுத்த ரசாயனக் கூழையும் ஒரு பங்கு கலப்பார்கள். கல் உருளைகளைச் சுழற்றுவதற்குப் பெருமளவு ஆற்றலும், கூழைக் கரைத்துப் பரப்புவதற்குப் பெருமளவு நன்னீரும் வேண்டும். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் வசதி பரவாத காலத்தில், ஆற்றல் கிடைக்கும் இடத்துக்குத்தான் ஆலை போக வேண்டியிருந்தது. கசின்ஸ் கழியின் உட்கோடியில், லிங்க் ஏரியின் நீர் குறுகிய தொலைவிலேயே கடலுக்குள் அருவியாக விழுந்தது. அதன் வாயில் ஓர் அணையைக் கட்டினால் ஏரி முழுவதும் நீர்த்தேக்கமாகிவிடும். சுற்றியுள்ள மலைகளில் ஹெம்லாக், ஸ்ப்ரூஸ், சீடர் மரங்கள் கடற்கரை வரை நெருங்கி நின்றன. வெட்டிய மரத்தை நீரிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுவரலாம். பெரிய கப்பல்கள் ஆலை வாசல் வரை வரும் அளவுக்குக் கழி ஆழமானது. தட்டையான நிலம் ஒன்றுதான் அங்கே இல்லை. இத்தனை வசதிகளை ஒருங்கே கண்ட முதலீட்டாளர்கள் அந்தக் குறையைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்தக் குறை ஊரின் தலையெழுத்தில் பின்னால் பெரிய இடம் பிடித்தது.

குத்தகையிலிருந்து காகிதம் வரை

1901-இல் தொடங்கி சில ஆண்டுகள் மாகாண அரசு ‘கூழ்க் குத்தகை’ என்ற ஏற்பாட்டை நடத்தியது. கூழ் ஆலை கட்டுவதாக உறுதியளிக்கும் நிறுவனங்களுக்குப் பரந்த காடுகளை மிகக் குறைந்த வாடகையில் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுப்பதே அதன் சாரம். நான்கு நிறுவனங்கள் அதனால் பயன்பெற்றன. அவற்றின் குத்தகைகளிலிருந்தே பவல் ரிவர், போர்ட் ஆலிஸ், ஸ்வான்சன் பே, ஓஷன் ஃபால்ஸ் ஆகிய கரையோர ஆலைகள் பிறந்தன. ஓஷன் ஃபால்ஸுக்குரிய குத்தகை பெல்லா கூலா கூழ் மற்றும் காகித நிறுவனத்தினுடையது. அதன் உரிமைகள் கைமாறி, ஓஷன் ஃபால்ஸ் நிறுவனம் என்ற பெயரில் அணையும் மர அறுவை ஆலையும் கூழ் ஆலையும் எழுந்தன. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, கடன்களைத் தீர்க்க அமர்த்தப்பட்ட பொறுப்பாளர் கைக்குப் போனது.

அந்த இடத்தை வாங்கிக் காகித ஆலையாக முழுமைப்படுத்தியது, அமெரிக்க முதலீட்டில் அமைந்த பசிபிக் மில்ஸ் நிறுவனம். 1913-இல் அமெரிக்கா செய்தித்தாள் காகிதத்தின் மீதான இறக்குமதி வரியை நீக்கியிருந்தது. மறுபுறம், மாகாணத்தின் அரசு நிலங்களில் வெட்டப்பட்ட மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை இருந்தது. கனடாவின் மரம் அமெரிக்காவின் அச்சகங்களை எட்ட வேண்டுமானால், அது கனடாவிலேயே காகிதமாக மாறியாக வேண்டும் என்ற நிலையில், கலிஃபோர்னியாவின் நாளிதழ்களுக்குக் காகிதம் விற்கும் நிறுவனங்கள் வடக்கே வந்தன. 1917-இல் காகித இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அருகிலிருந்த மலைகளின் மரம் போதாமற்போனபோது, கடல் கடந்து ஹைடா குவாய் தீவுகளிலிருந்தும் மரம் வந்தது. கொந்தளிப்புக்குப் பேர்போன ஹெக்கேட் நீரிணையைச் சாதாரண மிதவைகள் தாங்கா என்பதால், கட்டைகளை அடுக்கடுக்காக எஃகுக் கயிற்றால் பிணைத்த பிரம்மாண்டமான டேவிஸ் மிதவைகளை இழுவைக் கப்பல்கள் இழுத்துவந்தன. பசிபிக் மில்ஸ் 1954-இல் கிரௌன் ஜெல்லர்பாக் கனடா என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் ஊரின் உரிமையாளர் மாறவில்லை.

பலகைத் தெருக்களின் ஊர்

ஓஷன் ஃபால்ஸில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இது சென்னையின் ஆண்டு மழையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. செங்குத்தான பாறைச்சரிவில் மண் பிடிப்பில்லாததால், தெருக்கள் தரையில் போடப்படவில்லை. தூண்களின் மேல் மரப்பலகைகளைப் பரப்பி அமைத்த மேடைகளே தெருக்கள். அவற்றின் இருபுறமும் படிக்கட்டுகளாக ஏறிச்செல்லும் வரிசைகளில் வீடுகள் நின்றன. வெளியுலகோடு இணைக்கும் சாலை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. யூனியன் நீராவிக்கப்பல் நிறுவனத்தின் கப்பல் வரும் நாளே கடிதமும் காய்கறியும் புது முகங்களும் வரும் நாள். அந்தக் கப்பல் சேவை 1950-களின் இறுதியில் நின்றுபோனது. பின்னர் மிதவை விமானங்களும் அரசின் படகுச் சேவையும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பின.

ஊரின் பெரும்பாலான வீடுகளும் கடையும் மருத்துவமனையும் விடுதியும் நிறுவனத்தின் உடைமைகளாக இருந்தன. மணமாகாத தொழிலாளருக்கும் வந்துபோவோருக்கும் கட்டப்பட்ட மார்ட்டின் இன் என்னும் விடுதி, மாகாணத்தின் மிகப்பெரிய விடுதிகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. வீட்டு வாடகை குறைவு. மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. குழாய் பழுதானால் நிறுவனத்தின் ஆள் வந்து சரிசெய்தார். இங்கே வளர்ந்தவர்கள் தங்கள் இளமையை நன்றியோடு நினைவுகூர்கிறார்கள் என்பதையும், அந்த நன்றி உண்மையானது என்பதையும் ஐயமின்றிச் சொல்லலாம். நிறுவன நகரம் என்றாலே கொடுமை என்று எழுதிவிடுவது எளிது. ஓஷன் ஃபால்ஸின் கேடு கொடுமையாக வரவில்லை. ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகள் உழைத்து, குறைந்த வாடகை கொடுத்து, நிம்மதியாக வாழ்ந்து, ஓய்வுபெறும் நாளில் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறெங்கோ போக வேண்டும் என்ற ஏற்பாடாக வந்தது. வேலை போன அன்றே வீடும் போயிற்று. முதியவர்கள் தங்காத ஊரில், வேலையைச் சாராமல் ஊரைச் சார்ந்து வாழும் கூட்டம் ஒன்று உருவாகவே வழியில்லை. சொந்தமாகக் கடை வைக்கவோ, பட்டறை தொடங்கவோ, வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டவோகூட நிலத்தின் உரிமையாளரைக் கேட்க வேண்டியிருந்தது.

இந்த ஊரின் பெருமையாக எல்லோரும் சொல்வது நீச்சல். ஓடியாடத் தட்டையான மைதானம் இல்லை, மழை ஓய்வதில்லை என்ற நிலையில், சிறியதொரு உள்ளரங்கக் குளம் சிறுவர்களின் உலகமாயிற்று. 1950-இல் பயிற்சியாளராக வந்த ஜார்ஜ் கேட், அந்தக் குறுகிய குளத்திலிருந்து நாட்டின் முன்னணி நீச்சல் வீரர்களை உருவாக்கினார். ஓஷன் ஃபால்ஸிலேயே பிறந்த ரால்ஃப் ஹட்டன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே ஊரில் பிறந்த சாண்டி கில்கிறிஸ்ட் 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். சிறுவயதில் அங்கே நீந்தப் பழகிய ரிச்சர்ட் பவுண்ட், 1960 ரோம் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஆறாமிடம் பெற்று, பிற்காலத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் முதல் தலைவரானார். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஓர் ஊருக்கு இது வியப்பூட்டும் சாதனை. நிறுவனம் ஊருக்குக் கொடுத்தவற்றுள் ஊரார் தங்கள் உழைப்பால் முற்றிலும் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது இது ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊருக்குள் இருந்த வேலிகள்

நல்ல நினைவுகளுக்கு நடுவே மறைந்துபோகும் ஒரு பகுதியும் உண்டு. ஆலையில் சீனர்களும் ஜப்பானியர்களும் வெகுகாலமாக வேலை செய்தனர். அவர்களுக்கான குடியிருப்புகள் தனியே பிரிக்கப்பட்டிருந்தன. நூற்றுக்கணக்கான ஜப்பானியர்கள் குடும்பங்களோடு வாழ்ந்தனர். முத்துத் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, 1942-இல் கனடிய அரசு கரையிலிருந்து நூறு மைல் அகலப் பட்டைக்குள் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் வெளியேற்ற உத்தரவிட்டது. கரை முழுவதுமாக இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் கனடாவின் குடிமக்கள். 1949 வரை அவர்கள் கரைக்குத் திரும்ப அனுமதி இல்லை. ஓஷன் ஃபால்ஸின் ஜப்பானியக் குடியிருப்பு அதோடு முடிந்தது. 1980-இல் மற்றவர்களுக்கு நேர்ந்ததை, ஊரின் ஒரு பகுதி மக்கள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள். அவர்கள் விஷயத்தில் ஆலை நிற்கவில்லை, வேலையும் தீர்ந்துபோகவில்லை. அரசின் ஓர் ஆணையே போதுமானதாக இருந்தது. ஆலையின் வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துபோவது முறையல்ல.

தேய்வு

போருக்குப் பிந்தைய பத்து ஆண்டுகளே ஊரின் உச்சம். அதே ஆண்டுகளில் தேய்வின் விதையும் விழுந்தது. 1952-இல் வான்கூவர் தீவில், கேம்பல் ரிவர் அருகே, எல்க் ஃபால்ஸ் ஆலை தொடங்கப்பட்டது. அதன் உரிமையாளர்களில் ஓஷன் ஃபால்ஸை நடத்திய அதே நிறுவனமும் ஒன்று. அங்கே சமவெளி இருந்தது, சாலை இருந்தது, அகலமும் வேகமும் கூடிய புதிய இயந்திரங்களுக்கு இடமிருந்தது, சந்தையும் அருகில் இருந்தது. மின்கம்பிகள் ஆற்றலை எங்கும் கொண்டுசெல்லத் தொடங்கிய பிறகு, அருவியின் காலடியிலேயே ஆலை நிற்க வேண்டிய கட்டாயம் இல்லாமற்போனது. ஓஷன் ஃபால்ஸைத் தேர்ந்தெடுக்க வைத்த முதன்மைக் காரணமே இதனால் செல்லாததாகிவிட்டது. பழைய இயந்திரங்கள் குறுகியவை. அவற்றை மாற்றுவதானால் மலைச்சரிவில் ஆலையையே மாற்றிக் கட்ட வேண்டும். நிறுவனம் தன் முதலீட்டை வேறிடங்களுக்குத் திருப்பியது. ஓஷன் ஃபால்ஸ் ஆலையின் சில பிரிவுகள் 1960-களின் பிற்பகுதியிலேயே நிறுத்தப்பட்டன.

1965 ஜனவரியில் கனமழையையும் பனியையும் தொடர்ந்து மலைச்சரிவு இடிந்து வீடுகளின் மேல் விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். தட்டையான நிலம் இல்லாத இடத்தில் ஊரை அமைத்ததன் விலையை அன்று அந்தக் குடும்பங்கள் கொடுத்தன.

1972-இல் கிரௌன் ஜெல்லர்பாக், அடுத்த ஆண்டு மார்ச் இறுதியோடு ஆலையை மூடுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் தேர்தலில் வென்றுதான் டேவ் பாரெட் தலைமையில் புதிய ஜனநாயகக் கட்சி மாகாணத்தில் முதன்முறையாக ஆட்சிக்கு வந்திருந்தது. பல நூறு குடும்பங்களை வெறுங்கையோடு அனுப்ப அந்த அரசு ஒப்பவில்லை. 1973-இல் ஆலை, அணை, வீடுகள், விடுதி என அனைத்தையும் சேர்த்து ஏறக்குறைய பத்து லட்சம் டாலருக்கு அரசே வாங்கியது. ஓஷன் ஃபால்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம் ஆலையைத் தொடர்ந்து நடத்தியது. ஓர் அணையும் ஒரு முழு ஊரும் அந்த விலைக்குக் கிடைத்தன என்பதே, விற்றவர் அவற்றின் எதிர்காலத்தை எப்படி மதிப்பிட்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது.

அரசு வாங்கியது வீண் செலவு என்று அன்றும் பின்னரும் பலர் குறைகூறியுள்ளனர். நான் அப்படிக் கருதவில்லை. 1970-களின் நடுவில் காகித விலை உயர்ந்த ஆண்டுகளில் ஆலை தாக்குப்பிடித்தது. குடும்பங்களுக்கு ஏழு ஆண்டுக் கூலியும் பள்ளிப்படிப்பும் கிடைத்தன. குறை வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் இடத்தில் அரசு வந்து அமர்ந்ததே தவிர, வீட்டில் குடியிருந்தவருக்கும் வீட்டுக்கும் இடையிலான உறவு மாறவில்லை. ஆலை எந்த நேரமும் நிற்கலாம் என்பது 1973-இலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஏழு ஆண்டுகளை, வீடுகளைக் குடியிருந்தோருக்கு எழுதிக்கொடுக்கவும், மின்சாரத்தின் உரிமையை ஊருக்கென்று ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கவும் பயன்படுத்தியிருக்கலாம். ஆலையைக் காப்பதே ஊரைக் காப்பது என்ற நம்பிக்கை, நிறுவனத்திடமிருந்து அப்படியே அரசுக்கும் கைமாறியது. 1975 டிசம்பரில் ஆட்சி மாறி சோஷியல் கிரெடிட் கட்சி வந்தது. நவீனமாக்கப் பெரும் முதலீடு தேவை என்ற கணக்கு மீண்டும் எழுந்தது. 1980-இல் ஆலை மூடப்பட்டது.

மூடலுக்குப் பிறகு

மூடப்பட்ட சில மாதங்களில் பெரும்பாலோர் வெளியேறினர். சொந்தமாக விற்பதற்கு வீடில்லாதவர்களுக்குத் தங்கிப்பார்ப்பதற்கும் காரணமில்லை. இயந்திரங்களும் பொருள்களும் ஏலம் போயின. 1980-களின் நடுவில் அரசு, பராமரிப்பில்லாத கட்டடங்கள் ஆபத்தானவை என்று இடிக்கவும் எரிக்கவும் தொடங்கியது. எஞ்சியிருந்த சிலர் அதை எதிர்த்து நின்றதால் ஊரின் ஒரு பகுதி தப்பியது. அவர்களின் கோரிக்கை எளிமையானது. நல்ல நிலையிலுள்ள வீடுகளை இடிப்பதற்குப் பதிலாக, வாழ விரும்புவோருக்குக் கொடுங்கள் என்பதே அது. பதினைந்து ஆண்டுகள் முன்னதாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய இந்தக் கோரிக்கை, கேட்பதற்கு ஆளில்லாத நேரத்தில் எழுந்தது. பிறகு எஞ்சிய வீடுகளில் சில தனியார் கைக்கு வந்தன. இன்று அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளின் உரிமையாளர்களே. கோடையில் மீன்பிடிக்கவும் படகோட்டவும் வருவோரால் ஊரில் ஆள் சற்றுக் கூடும்.

அணை மட்டும் வேலையை நிறுத்தவில்லை. இன்று அது தனியார் மின் நிறுவனத்தின் உடைமை. ஏறக்குறைய 14 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையத்தின் மின்சாரம், டீசலை நம்பியிருந்த பெல்லா பெல்லாவுக்கும் ஷியர்வாட்டருக்கும் கம்பி வழியே போகிறது. பெல்லா பெல்லா ஹெய்ல்ட்சுக் மக்களின் தலைமை ஊர். மாகாணத்தின் பொது மின்வலையோடு இணைப்பில்லாததால், அதன் திறனில் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. அந்த உபரி மின்சாரத்தை நாடி, 2018 வாக்கில் பிட்காயின் கணினிக்கூடம் ஒன்று பழைய ஆலை வளாகத்தில் அமைந்தது. மலிவான ஆற்றலைத் தேடி வெளியிலிருந்து வரும் முதலீடு என்ற வகையில், 1900-களின் தொடக்கத்தில் வந்தவர்களின் கணக்கும் இதுவும் ஒன்றுதான். இம்முறை ஊருக்குள் ஆள்கள் வர வேண்டிய தேவை மட்டும் இல்லை.

பவல் ரிவரோடு ஒப்பீடு

வான்கூவருக்கு வடமேற்கே, ஜார்ஜியா நீரிணையின் கரையில் உள்ள பவல் ரிவர், இதே கூழ்க் குத்தகைகளில் ஒன்றிலிருந்து எழுந்தது. மின்னசோட்டாவைச் சேர்ந்த புரூக்ஸ், ஸ்கான்லன் ஆகிய மர வணிகர்களின் நிறுவனம் அங்கே அணை கட்டி, 1912-இல் மேற்குக் கனடாவின் முதல் செய்தித்தாள் காகிதச் சுருளை உருட்டியது. ஆலை எழுந்த இடம் பூர்வகுடியினரான ட்லாமின் மக்களின் டிஸ்க்வாட் என்னும் பழைய கிராமம். அணை வந்ததும் ஆற்றில் ஏறிவந்த சால்மன் மீன்களும் நின்றன. 1950-களில் உலகின் மிகப்பெரிய காகித ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. தோட்ட நகரக் கொள்கையைத் தழுவி நிறுவனம் கட்டிய குடியிருப்பு, 1995-இல் தேசிய வரலாற்று மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அங்கும் கடல்தான் வாசல். வான்கூவரிலிருந்து போக இன்றும் இரண்டு படகுகளைப் பிடிக்க வேண்டும். 1954-இல்தான் வாகனப் படகுச் சேவை அந்த வழியைத் திறந்தது. ஆனால் நிறுவனக் குடியிருப்புக்கு வெளியே வெஸ்ட்வியூ, வைல்ட்வுட், கிரான்பெரி என்ற மூன்று ஊர்கள் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் வளர்ந்தன. அங்கே தொழிலாளர்கள் நிலம் வாங்கினார்கள், தாங்களே வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். வைல்ட்வுட்டில் இத்தாலியக் குடும்பங்கள் ஆலை வேலையோடு பயிரும் செய்தன. 1955-இல் இரண்டு முடிவுகள் ஒன்றாக வந்தன. நிறுவனம் தன் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கு விற்றது. நான்கு பகுதிகளும் இணைந்து பவல் ரிவர் ஒரே நகராட்சியாகப் பதிவானது. நிறுவனம் இதைக் கொடையாகச் செய்யவில்லை. வீடுகளைப் பராமரிக்கும் சுமை அதற்குப் பாரமாகியிருந்தது. நோக்கம் எதுவாயினும், ஆலைக்கு வெளியே வரி வசூலிக்கும், சாலை போடும், நிறுவனத்தோடு எதிரே உட்கார்ந்து பேசும் ஓர் அமைப்பு அதனால் உருவாயிற்று.

அந்த வேறுபாட்டின் பயன் 2009-க்குப் பிறகு தெளிவாகத் தெரிந்தது. ஆலையின் அப்போதைய உரிமையாளரான கேட்டலிஸ்ட் நிறுவனம், தன் ஆலைகள் இருந்த நகராட்சிகளின் சொத்துவரி நியாயமற்றது என்று வழக்காடியது. நார்த் கவிச்சன் நகராட்சிக்கு எதிரான அந்த வழக்கை 2012-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பவல் ரிவர் நகராட்சி வரியைக் குறைத்து ஒப்பந்தம் பேசும் வழியை எடுத்தது. எந்த வழி சரியானது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பேசுவதற்கு இருபக்கமும் ஆள் இருந்ததே இங்கே கவனிக்க வேண்டியது. ஓஷன் ஃபால்ஸில் 1972-இல் நிறுவனத்தின் எதிர்ப்பக்கத்தில் தொழிற்சங்கம் இருந்தது, மாகாண அரசு இருந்தது. சொந்த நிலத்தில் நிற்கும் ஊர் என்ற ஒன்று இருக்கவில்லை. பவல் ரிவர் ஆலையில் 1970-களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். 2021 டிசம்பரில் இயக்கம் நிறுத்தப்பட்டபோது எஞ்சியிருந்தவர்கள் இருநூறு பேர் அளவில்தான். ஆலை அரை நூற்றாண்டு காலம் மெல்லச் சுருங்கிய அந்தக் காலம் முழுவதும், வேலை இழந்தவர்கள் சொந்த வீட்டில் இருந்துகொண்டே வேறு தொழிலுக்கு மாற முடிந்தது. ஓய்வுபெற்றவர்கள் தங்கினார்கள். அவர்களுக்காக மருத்துவமனையும் கடைகளும் தங்கின.

வாதத்தின் எல்லை

வீட்டுரிமை ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று சொன்னால் அது மிகையாகும். பவல் ரிவர் பெருநகருக்கு அருகில் உள்ளது. அதற்குத் தட்டையான நிலமும் மிதமான மழையும் வாய்த்திருந்தன. ஓஷன் ஃபால்ஸில் 1955-இலேயே வீடுகள் விற்கப்பட்டிருந்தாலும், மூவாயிரம் பேர் இன்றும் அங்கே இருந்திருப்பார்கள் என்று எந்த ஆய்வாளரும் உறுதி கூற மாட்டார். ஆயினும் இடைப்பட்ட சில ஊர்கள் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. வீடும் நிலமும் முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கும் நகரங்களின் கேட்டை அறிந்தே மாகாண அரசு 1965-இல் ‘உடனடி நகரங்கள்’ சட்டத்தை இயற்றியது. ஆலை தொடங்கும் நாளிலேயே ஊர் நகராட்சியாகப் பதிவாகி, வீடுகள் தனியாருக்கு விற்கப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன்படி வான்கூவர் தீவின் மேற்குப் பகுதியில் எழுந்த கோல்ட் ரிவர், தன் கூழ் ஆலையை 1990-களின் இறுதியில் இழந்தது. பழைய ஆலைக் குடியிருப்பிலிருந்து புது இடத்துக்கு மாற்றப்பட்டு அதே சட்டத்தின்கீழ் வந்த போர்ட் ஆலிஸின் ஆலை 2015-இல் இயக்கத்தை நிறுத்தியது. இரண்டும் பவல் ரிவரைவிட மிகச் சிறியவை, தொலைவானவை, மழை மிகுந்தவை. இரண்டிலும் மக்கள்தொகை வெகுவாகக் குறைந்தது. இரண்டும் இன்றும் பள்ளியும் ஊராட்சியும் உள்ள ஊர்களாக இருக்கின்றன. தொலைவும் மழையும் மட்டுமே ஓஷன் ஃபால்ஸைக் கலைத்திருந்தால், இவையும் அந்த வழியில் போயிருக்க வேண்டும்.

ஓஷன் ஃபால்ஸ் குறித்த எழுத்தில் பெரும்பகுதி, 1973-இல் அரசு ஆலையை வாங்கியது சரியா தவறா என்ற அரசியல் வழக்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டின் விற்பனைப் பத்திரத்தில் ஆலையோடு வீடுகளும் ஒரே பொருளாகச் சேர்க்கப்பட்டிருந்ததுதான் அதைவிடக் கூர்ந்து ஆராயப்பட வேண்டியது என்பது என் கணிப்பு. பவல் ரிவர் 1955-இல் பிரித்துவிட்ட அந்த இரண்டையும், ஓஷன் ஃபால்ஸின் புதிய உரிமையாளரும் ஏழு ஆண்டுகள் பிரிக்காமலே வைத்திருந்தார்.